ஒரு சட்டமன்றத் தொகுதியில் கருத்துக்கணிப்பு நடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

தேர்தல் நெருங்கும்போது இதழியல் மாணவர்கள், உள்ளூர் நிருபர்கள், சிறு தன்னார்வ அமைப்புகள் என்று பலருக்கும் தங்கள் தொகுதியில் தாங்களே ஒரு கணிப்பு எடுத்துப் பார்க்கும் ஆசை வருகிறது. தாராளமாக எடுக்கலாம். பெரிய நிறுவனம் தேவையில்லை, பத்துப் பன்னிரண்டு பேரும் மூன்று வார நேரமும் இருந்தால் போதும்.

ஆனால் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் "எத்தனை பேரிடம் கேட்கலாம்?" என்ற கேள்வியில் தொடங்குகிறார்கள். கணிப்பு கெடுவது அந்த இடத்தில் அல்ல. யாரிடம் கேட்டோம், யாரை விட்டுவிட்டோம் என்பதில்தான் கெடுகிறது. கீழே உள்ள வரிசை அதற்காகவே அமைத்தது. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. எதை அளக்கப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"மக்கள் மனநிலையைத் தெரிந்துகொள்வது" என்று எழுதினால் எதையும் அளக்க முடியாது. "இன்று தேர்தல் நடந்தால் இந்தத் தொகுதி வாக்காளர்கள் எந்த வேட்பாளருக்கு வாக்களிப்பார்கள், அந்த முடிவை எப்போது எடுத்தார்கள்" என்று எழுதினால் அளக்கலாம்.

அந்த வரியைச் சுவரில் ஒட்டி வையுங்கள். குழுவில் யாராவது "அப்படியே இதையும் கேட்டுடலாமே" என்று புதுக் கேள்வி கொண்டுவரும்போது, அந்த வரிக்கு அது உதவுமா என்று பாருங்கள். உதவாது என்றால் வேண்டாம். கேள்வித்தாள் 15 நிமிடத்தைத் தாண்டினால் பதில் சொல்பவர் அடுப்படியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். கடைசிப் பத்துக் கேள்விகளுக்கு வரும் பதில்களை நம்ப முடியாது.

2. கையில் இருக்க வேண்டியவை

முதலில் வாக்காளர் பட்டியல். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பாகம் பாகமாகக் கிடைக்கும். ஒரு பாகம் என்பது ஏறக்குறைய ஒரு வாக்குச்சாவடி. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் எல்லாம் இருக்கும். கடைசியாக வெளியான பட்டியலையே எடுங்கள். திருத்தத்துக்குப் பிறகு பாக எண்களே மாறியிருக்கலாம்.

இரண்டாவது, முந்தைய தேர்தலின் படிவம் 20. எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை வாக்கு என்று அதில் இருக்கும். இதைப் பலர் எடுப்பதே இல்லை. நீங்கள் பேசத் தேர்ந்தெடுத்த ஆட்களின் தொகுப்பு (இதைத்தான் "மாதிரி" என்பார்கள்) ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

அப்புறம் களப்பணியாளர்கள். பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். காரணம் களத்துக்குப் போகும்போது சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் புகைப்படத்துடன் அடையாள அட்டை, அமைப்பின் கடிதம் ஒன்று.

3. சாவடிகளைக் குலுக்கலில் எடுங்கள், தோதுக்கு எடுக்காதீர்கள்

"பஸ் போற ஊரா பார்த்து எடுத்துக்கலாம்" என்பதுதான் முதல் சறுக்கல். பஸ் போகும் ஊருக்கும் போகாத ஊருக்கும் குறைகளும் வேறு, வாக்கும் வேறு.

தொகுதியில் 2,52,000 வாக்காளர்கள், நீங்கள் 28 சாவடிகள் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாக எண் வரிசைப்படி வாக்காளர் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். முதல் பாகத்தில் 980, இரண்டாவதில் 1,040 என்றால், இரண்டாவது பாகத்தின் முடிவில் கூட்டுத்தொகை 2,020. இப்படி 2,52,000 வரை போகும். அதை 28-ஆல் வகுத்தால் 9,000. ஒன்றுக்கும் 9,000-க்கும் இடையில் ஓர் எண்ணைக் குலுக்கி எடுங்கள். 4,215 வந்தால், 4,215, 13,215, 22,215 என்று 9,000 கூட்டிக்கொண்டே போங்கள். அந்த எண்கள் எந்தப் பாகத்தில் விழுகின்றனவோ அவைதான் உங்கள் சாவடிகள்.

இந்தச் சுற்று வழி எதற்கு என்றால், பெரிய சாவடிக்குத் தேர்வாகும் வாய்ப்பு அதன் அளவுக்கு ஏற்ப அதிகமாகிறது. பிறகு ஒவ்வொரு சாவடியிலும் சம எண்ணிக்கையில் பெயர் எடுத்தால், தொகுதியின் எந்த மூலையில் இருக்கும் வாக்காளருக்கும் தேர்வாகும் வாய்ப்பு ஒன்றாகிவிடும். பாக எண்கள் பெரும்பாலும் ஊர் வரிசைப்படி போவதால் தொகுதி முழுக்கப் பரவலும் தானாகக் கிடைக்கும்.

4. பெயர்களையும் குலுக்கலில் எடுங்கள்

ஒரு சாவடியில் 1,000 பேர், 25 பெயர் வேண்டும் என்றால் இடைவெளி 40. ஒன்று முதல் 40-க்குள் ஒரு எண்ணைக் குலுக்கி, 13 வந்தால் 13, 53, 93 என்று எடுத்துக்கொண்டே போங்கள். பட்டியலில் ஒரே வீட்டார் அடுத்தடுத்து இருப்பதால், இந்த இடைவெளி இருந்தால் ஒரு வீட்டில் இரண்டு பேர் சிக்க மாட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது பட்டியலின் கடைசிப் பக்கங்கள். இணைப்புப் பட்டியல் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால், புதிதாகச் சேர்ந்த பெயர்கள் அதில்தான் இருக்கும். 18, 19 வயதுப் பிள்ளைகளில் பலர் அங்கேதான் இருப்பார்கள். அதைப் புரட்டாமல் விட்டால் முதல் முறை வாக்காளர்களை மொத்தமாக விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். நீக்கப்பட்ட பெயர்கள் மேல் குறியிட்டிருக்கும், அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

எடுத்த பெயர்களைத் தாளில் எழுதும்போது வயது, பாலினத்தையும் சேர்த்து எழுதுங்கள். சந்திக்க முடியாமல் போனவர்கள் யார் என்று பின்னால் கணக்குப் பார்க்க அது வேண்டும்.

5. எத்தனை பேர்?

28 சாவடி, சாவடிக்கு 25 பெயர், ஆக 700 பெயர்கள். அதில் 450 முதல் 500 பேரைச் சந்தித்து முடித்தால் நல்ல வேலை.

480 பேர் என்றால் பிழை வரம்பு, அதாவது உண்மை நிலை உங்கள் எண்ணிலிருந்து கூடவோ குறையவோ விலகியிருக்கக்கூடிய அளவு, சுமார் ±4.5 சதவீதம். ஆனால் நீங்கள் தொகுதி முழுக்கச் சிதறி எடுக்காமல் சாவடி சாவடியாகக் கொத்தாக எடுத்திருக்கிறீர்கள். ஒரே தெருக்காரர்கள் ஓரளவு ஒரே மாதிரி யோசிப்பார்கள் என்பதால் உண்மையான வரம்பு ±5.5 அளவுக்குப் போகும். இதைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு ஆட்களைச் சந்திக்க வேண்டும். அதற்குச் செலவழிக்கும் காசையும் உழைப்பையும், பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு மறுபடி போவதற்குச் செலவழியுங்கள்.

எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது என்பதற்கு 2024 மக்களவைத் தேர்தலே போதும். வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் இடங்கள் கொடுத்தன. சில, லட்சக்கணக்கானவர்களைச் சந்தித்ததாகவும் சொன்னவை. கிடைத்தது 293.

6. கேள்வித்தாள்: வரிசைதான் பாதி வேலை

தொடக்கத்தில் யாரையும் சங்கடப்படுத்தாத ஒரு கேள்வி. "இந்த ஊர்ல எத்தனை வருஷமா இருக்கீங்க?" போதும்.

அடுத்ததே வாக்குக் கேள்வி. மின்கட்டணம், சாலை, குடிநீர் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு யாருக்கு வாக்கு என்று கேட்டால், அந்தக் குறைகளை நீங்களே கிளறிவிட்டு அந்தச் சூட்டோடு பதில் வாங்குகிறீர்கள். ஆளுங்கட்சிக்கு நிஜத்தைவிடக் குறைவாக வரும். நலத்திட்டங்களைப் பற்றி முதலில் கேட்டால் இதற்கு நேர் எதிராக நடக்கும். புதியவர்கள் முக்கியமான கேள்வி என்பதால் இதைக் கடைசிக்கு வைக்கிறார்கள். முக்கியம் என்பதாலேயே முன்னால் வர வேண்டும்.

வாக்குக் கேள்வியை வாயால் கேட்க வேண்டாம். டம்மி வாக்குச்சீட்டு அச்சடியுங்கள். வேட்பாளர் பெயர், சின்னம், கடைசியில் நோட்டா. நீங்கள் திரும்பி நிற்க, அவர் குறியிட்டு மடித்து ஒரு பெட்டியில் போடட்டும். இந்தியாவில் நெடுங்காலமாகத் தேர்தல் ஆய்வுகள் நடத்திவரும் லோக்நீதி அமைப்பும் இந்த முறையைப் பயன்படுத்துகிறது. சீட்டின் பின்பக்கம் கேள்வித்தாள் எண் மட்டும் இருக்க வேண்டும். "இது என்ன நம்பர்?" என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்: "தாளைச் சேர்த்துவைக்கத்தாங்கம்மா, உங்க பேரு இந்தச் சீட்டுல கிடையாது."

கேள்வியின் சொற்களில் இரண்டு பொறிகள் திரும்பத் திரும்ப வரும். "விலைவாசி உயர்வால் மக்கள் அவதிப்படும் நிலையில், அரசின் செயல்பாடு எப்படி?" என்பது பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்திருக்கிறது. "ரேஷன் கடையும் குடிநீரும் திருப்தியாக இருக்கிறதா?" என்பது இரண்டு கேள்வி. ரேஷன் நன்றாக இருந்து தண்ணீர் வராத தெருவில் இருப்பவர் என்ன சொல்வார்?

பதில் கட்டங்களில் "தெரியாது" என்று ஒன்றே ஒன்று வைக்காதீர்கள். "இன்னும் முடிவு பண்ணல", "சொல்ல விரும்பல", "ஓட்டுப் போட மாட்டேன்" என்று மூன்று கட்டம் வையுங்கள். "போடுற அன்னைக்குப் பாத்துக்கலாம்" என்பவரும், "அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு" என்பவரும் வேறு வேறு ஆட்கள். முதலாமவர் நிஜமாகவே மதில்மேல் பூனை. இரண்டாமவர் பெரும்பாலும் முடிவெடுத்துவிட்டவர், உங்களிடம் சொல்ல அச்சப்படுகிறார். எந்தச் சாவடியில் இரண்டாவது வகை அதிகம் என்பதே ஒரு செய்தி.

சாதி, மதம், வருமானம் எல்லாம் கடைசியில். பதில் சொல்ல மறுக்கலாம் என்று சொல்லிவிட்டே கேளுங்கள். ஆதார் எண் எதற்கும் கேட்காதீர்கள்.

7. கருத்து எப்படி உருவானது என்று அறிய "ஏன்?" என்று கேட்காதீர்கள்

"ஏன் அவருக்கு ஓட்டு?" என்றால் எல்லாரும் கௌரவமான காரணம்தான் சொல்வார்கள். "நல்லவர்", "ஏதாவது செய்வார்" என்று வரும். அது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கருத்து அங்கிருந்து உருவாகியிருக்காது.

காரணத்தை விட்டுவிட்டு, நடந்ததைக் கேளுங்கள். போன வாரம் யாரிடமெல்லாம் அரசியல் பேசினீர்கள்? வீட்டிலா, டீக்கடையிலா, மகளிர் குழுவிலா, வேலை செய்யும் இடத்திலா? வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்த அரசியல் வீடியோ எதைப் பற்றி, யார் அனுப்பியது? யாருக்கு என்று எப்போது முடிவெடுத்தீர்கள், கூட்டணி அறிவித்த பிறகா, வேட்பாளர் பெயர் வந்த பிறகா, எப்போதும் ஒரே கட்சிக்குத்தானா? நடந்ததை நினைவுபடுத்திச் சொல்வது யாருக்கும் எளிது.

மாற்றத்தை அளக்க வேண்டும் என்றால் இரண்டு சுற்று தேவை. முதல் சுற்றில் சந்தித்த அதே ஆட்களை, வேட்பாளர் அறிவிப்புக்குப் பின் மறுபடி சந்தியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வேறு ஆட்களைப் பிடித்துவிட்டு "மூன்று சதவீதம் உயர்ந்தது" என்று எழுதினால், கருத்து மாறியதா, ஆட்கள் மாறியதாலா என்று யாருக்கும் தெரியாது.

சொற்கள் கருத்தை எவ்வளவு அசைக்கின்றன என்பதையும் சோதிக்கலாம். ஒரே திட்டத்தைப் பாதித் தாள்களில் "உரிமைத் தொகை" என்றும் மீதியில் "மாதம் ஆயிரம் ரூபாய்" என்றும் அச்சடித்து, தாள்களை ஒன்றுவிட்டு ஒன்று கொடுங்கள். இரு பாதியின் பதில்களிலும் பெரிய வித்தியாசம் வந்தால், அந்த விஷயத்தில் மக்களுக்கு இன்னும் உறுதியான கருத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

8. ஒத்திகை

தேர்வாகாத ஒரு சாவடியில் இருபது பேரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு "என்ன கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்கிறார்களோ அதை மாற்றி எழுதுங்கள். பிறகு கேள்விகளை அச்சில் இருப்பதுபோல வார்த்தை மாறாமல் படிக்கக் களப்பணியாளர்களைப் பழக்குங்கள். விளக்கம் சொல்லத் தொடங்கினால் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு கேள்வி கேட்டவர்கள் ஆகிவிடுவார்கள்.

9. களம்: கணிப்பு நிற்பதும் விழுவதும் இங்கேதான்

முதல் சிக்கல், வீட்டைக் கண்டுபிடிப்பது. பட்டியலில் இருப்பது பழைய கதவு எண்ணா புதிய எண்ணா என்று தெரியாது. வீட்டு எண்ணைவிடத் தந்தை, கணவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் வேகமாகக் கிடைக்கும். ஆனால் கட்சி நிர்வாகியிடமோ பூத் ஏஜென்டிடமோ போய் வழி கேட்காதீர்கள். அவர் கூடவே நடந்து வருவார். அவர் பக்கத்தில் நிற்கும்போது கிடைக்கும் பதில் அவருக்கான பதில்.

இரண்டாவது, நேரம். காலை 11 மணிக்குக் கிராமத்துக்குப் போனால் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும்தான் இருப்பார்கள். நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனவர்கள் சாயங்காலம்தான் வருவார்கள். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி ஷிப்ட் பார்த்துப் போக வேண்டும், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைதான். ஒரு பெயருக்கு மூன்று முறை, மூன்று வேறு நேரங்களில் போன பிறகே "சந்திக்க முடியவில்லை" என்று குறியுங்கள். வெளியூரில் வேலை, இறந்துவிட்டார், மறுத்துவிட்டார் என்று காரணத்தையும் எழுதுங்கள்.

மூன்றாவது, மாற்று ஆள். பட்டியலில் இருப்பது மனைவியின் பெயர். வாசலில் கணவர்: "அவ உள்ள வேலையா இருக்கா. என்னன்னு சொல்லுங்க, நான் சொல்றேன். எங்க வீட்டுல எல்லாரும் ஒண்ணாத்தான் போடுவோம்." புதிய களப்பணியாளர் நன்றி சொல்லி எழுதிக்கொள்கிறார். இப்படி ஊருக்கு நாலு நடந்தால் உங்கள் கணிப்பு ஆண்களின் கணிப்பு. "இல்லைங்கண்ணே, குலுக்கல்ல அக்கா பேருதான் வந்திருக்கு. வேலை முடியட்டும், நாங்க காத்திருக்கோம்" என்று சொல்லப் பழகுங்கள். பெண் பணியாளர் உள்ளே போய் உட்கார, ஆண் பணியாளர் கணவரிடம் வாசலில் பேச்சுக் கொடுக்கட்டும். இதற்காகத்தான் பாதிப் பேர் பெண்கள் வேண்டும் என்றேன். பக்கத்து வீட்டுக்காரரையும் மாற்றாகச் சேர்க்காதீர்கள். வீட்டில் எளிதாகக் கிடைப்பவரும் கிடைக்காதவரும் வாக்கில் வேறுபடுவார்கள்.

நான்காவது, நீங்கள் யார் என்ற சந்தேகம். தாளும் பேனாவுமாக வீடு வீடாக வருகிறவரைப் பார்த்தால் பலருக்கும் முதலில் தோன்றுவது அரசாங்கக் கணக்கெடுப்பு. சரியாகச் சொன்னால் ஆயிரம் ரூபாய் வரும், தப்பாகச் சொன்னால் ரேஷன் கார்டு போகும் என்ற எண்ணத்தில் பதில் சொல்வார்கள். அதனால் அறிமுகத்தின் இரண்டாவது வரியே இதுவாக இருக்கட்டும்: "நாங்க அரசாங்கமும் இல்ல, எந்தக் கட்சியும் இல்ல. நீங்க சொல்றதால உங்களுக்கு வர்ற எதுவும் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது."

10. அன்றன்றே சரிபாருங்கள்

இரவு தாள்கள் வந்ததும் புரட்டிப் பாருங்கள். ஆறு நிமிடத்தில் முடிந்த பேட்டி, ஒரே கை குறியிட்டு மடித்ததுபோல இருக்கும் சீட்டுகள், எல்லாக் கேள்விக்கும் முதல் கட்டத்திலேயே குறி, இவை மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பிய தாள்களின் அடையாளம். பத்தில் ஒரு வீட்டுக்கு வேறொருவர் போய் "நேற்று யாராவது வந்தார்களா?" என்று கேட்டு வர வேண்டும். இப்படி ஒரு சோதனை உண்டு என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

11. எடை போடுதல்

எவ்வளவு முயன்றாலும் சில பிரிவினர் குறைவாகவே கிடைப்பார்கள். பட்டியலில் பெண்கள் 51 சதவீதம், உங்கள் தாள்களில் 42 என்றால், ஒவ்வொரு பெண்ணின் பதிலையும் 1.21-ஆல் (51/42), ஆணின் பதிலை 0.84-ஆல் (49/58) பெருக்குங்கள். இப்படிப் பெருக்கும் எண்தான் எடை. வயதுப் பிரிவுக்கும் இப்படியே. எந்த எடையும் இரண்டைத் தாண்டினால் நிறுத்துங்கள். நாலு இளைஞர்களின் பதிலை வைத்து ஒரு தலைமுறையே பேசியதாகக் காட்டுகிறீர்கள் என்று பொருள். எடையை ஏற்றாமல், விட்டுப்போன இளைஞர்களைத் தேடி மறுபடி போங்கள்.

"போன தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள்?" என்றும் கேள்வித்தாளில் கேட்டிருந்தால், அந்தப் பதிலைப் படிவம் 20-உடன் ஒப்பிடுங்கள். ஜெயித்தவருக்குப் போட்டதாகக் கூடுதல் பேர் சொல்வது இயல்பு. நாலைந்து சதவீத வித்தியாசம் கவலைக்குரியதல்ல. பதினைந்து இருந்தால் மாதிரியில் கோளாறு, சாவடி வாரியாகத் தேடுங்கள்.

12. எண்களைப் படிக்கும் முறை

ஒருவருக்கு 38, இன்னொருவருக்கு 34 வந்திருக்கிறது. பிழை வரம்பு ±5.5. இதை "முன்னிலை" என்று எழுதக் கூடாது. இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தின் பிழை, தனி ஒருவரின் பிழையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. "கடும் போட்டி, சொல்ல முடியாது" என்பதுதான் நேர்மையான முடிவு. 2016-இல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 வாக்கு. 2021-இல் தியாகராய நகரில் 137. இதையெல்லாம் எந்தக் கணிப்பாலும் பிடிக்க முடியாது.

முடிவு செய்யாதவர்களை மற்றக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். தனி வரியாகவே காட்டுங்கள். ஒரு தொகுதியை வைத்து மாநிலத்துக்குக் கணக்குப் போடுவதும் வேண்டாம். 2021-இல் தி.மு.க. கூட்டணிக்குச் சுமார் 45 சதவீதம், அ.தி.மு.க. கூட்டணிக்குச் சுமார் 40. இடங்களோ 159, 75. வாக்கிலிருந்து இடத்துக்குப் போவது தனிக் கணக்கு, அதற்கு வேறு தரவு வேண்டும்.

13. வெளியிடும் முன் சட்டத்தைப் பாருங்கள்

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் பிரிவு 126-இன்படி, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் கருத்துக்கணிப்பு முடிவுகளை மின்னணு ஊடகங்களில் வெளியிடக் கூடாது. வாக்களித்துவிட்டு வருபவர்களிடம் எடுக்கும் கணிப்புக்குப் பிரிவு 126ஏ. தேர்தல் ஆணையம் அறிவிக்கும் காலம் முழுவதும் அதை நடத்தவும் வெளியிடவும் தடை, மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை. நம் ஊரில் வாக்குப்பதிவு முடிந்துவிட்டது என்பதால் தடை முடிந்ததாக நினைக்காதீர்கள். 2024-இல் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்றே வாக்களித்துவிட்டது. தடை நீங்கியது ஜூன் 1 மாலை 6.30 மணிக்கு.

வெளியிடும்போது, எந்தத் தேதிகளில் எடுத்தது, எத்தனை பெயர் எடுத்து எத்தனை பேரைச் சந்தித்தது, கேள்வியின் அசல் வாசகம், பிழை வரம்பு, யார் செலவழித்தது, இவ்வளவும் கட்டாயம். பெயர் எழுதிய தாள்களைத் தனியே பிரித்து, சரிபார்ப்பு முடிந்ததும் அழித்துவிடுங்கள். யார் யாருக்கு வாக்களிக்க நினைத்தார் என்பது எந்தக் கட்சிக்காரர் கைக்கும் போய்விடக் கூடாது. இரண்டாம் சுற்று உண்டென்றால் அதுவரை ஒருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள்.

14. முடிவு வந்த பிறகு

புதிய படிவம் 20 வந்ததும் உங்கள் 28 சாவடிகளையும் எடுத்துவைத்து ஒப்பிடுங்கள். ஒரு சாவடியில் 17 பேர்தான் என்பதால் தனித்தனியாகப் பார்க்காமல், நகரம், கிராமம், சந்திப்பு குறைவாக முடிந்த சாவடிகள், ஒரே பணியாளர் போன சாவடிகள் என்று கூட்டம் கூட்டமாகச் சேர்த்துப் பாருங்கள். தபால் வாக்குகள் தனியே எண்ணப்படுவதால் அவற்றைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். எந்தக் கூட்டத்தில் அதிகம் விலகியிருக்கிறதோ, அந்தச் சாவடிகளின் "சந்திக்க முடியவில்லை" பட்டியலை எடுத்து வயதும் பாலினமும் பாருங்கள். அடுத்த முறை எந்த நேரத்தில், யாரைத் தேடிப் போக வேண்டும் என்பது அதில் இருக்கும்.